டுரியான் துங்காலில் ஒரு பழைய லேண்ட் ரோவர்

ஆயர் குரோ சாவடியில் இறங்கும் வண்டிகள் பெரும்பாலும் மலாக்கா நகரத்துப் பக்கம்தான் திரும்பும். சிவப்புக் கட்டடம், ஜோங்கர் தெரு, ஒரு கிண்ணம் செண்டோல் என்று அவர்களுக்குத் தனிப் பாதை. எதிர்ப்பக்கம் திரும்புகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர். இன்னொன்று, என்னைப்போல் டுரியான் துங்காலில் சொந்தபந்தம் வைத்திருப்பவர்கள்.

எனக்கு அங்கே தாய்மாமா இருக்கிறார். எழுபத்தாறு வயது. அவரோடு ஒரு பழைய லேண்ட் ரோவரும் இருக்கிறது. அதற்கும் ஐம்பதை நெருங்கும் வயதுதான்.

சென்ற ஆடி மாதம் இரண்டு வாரக் கடைசிகளில் கோலாலம்பூரிலிருந்து அங்கே போய்வந்தேன். முதல் பயணத்துக்கு இரண்டு காரணங்கள். ஒன்றை மாமாவே போனில் சொன்னார்: "மாப்ள, ஏத்தத்துல வண்டி கத்துது, ஆனா நடக்க மாட்டேங்குது. கிளட்ச் போயிருச்சுன்னு நெனைக்கிறேன். வந்தா ரெண்டு பேரும் எறக்கிப் பாத்துடலாம்." மற்றதை சிங்கப்பூரில் வேலை செய்யும் மச்சான், மாமாவின் மகன், சொன்னான்: "அந்த வண்டிய வித்துடச் சொல்லுடா. நான் சொன்னா கேக்க மாட்டாரு. போன மாசம் அலோர் காஜாவுக்குப் போயிட்டு வீட்டுக்கு வர்ற முச்சந்தியில நின்னுட்டாராம். எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியலையாம். நல்லா ஓடுற நிலைமையில இருந்தா வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் சொல்லியிருக்காரு."

ஆக, வண்டியைச் சரிசெய்ய உதவுவதும் நானே, விற்கச் சொல்வதும் நானே. வெள்ளிக்கிழமை இரவு காரில் போகும்போது எதை முதலில் பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஊரின் பெயருக்கு 'ஒற்றை டுரியான்' என்று பொருள். பருவ காலத்தில் ஒற்றை என்ற பேச்சுக்கே இடமில்லை. சாலையோரக் கொட்டகைகளில் மலைபோல் குவித்து, மஞ்சள் விளக்கைத் தொங்கவிட்டு விற்கிறார்கள். கண்ணாடியை ஏற்றினாலும் வாசனை காருக்குள் வந்துவிடும். ஒரு வரிசைக் கடைவீடுகள், சந்தை, பெட்ரோல் நிலையம், மாணவர்களை நம்பிப் பெருகிவிட்ட சாப்பாட்டுக் கடைகள். அவற்றைத் தாண்டினால் செம்பனை. நான் பிள்ளையாக இருந்தபோது அந்த இடமெல்லாம் பால்மரம்.

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர்களில் டான் சாய் யான் முக்கியமானவர். அவர் 1896இல் அதைத் தொடங்கிய புக்கிட் லிந்தாங்கும் இதே மலாக்கா மாநிலத்தில்தான் இருக்கிறது. அதன் பிறகுதான் நம் பாட்டன், முப்பாட்டன்மார் கப்பலேறி இந்தத் தோட்டங்களுக்கு வந்தார்கள். அதற்கும் முன்பே ஒருமுறை நம்மவர்கள் இந்த வட்டாரத்துக்கு வந்ததுண்டு. அலோர் காஜா பக்கத்து நானிங் பகுதியின் தலைவர் டோல் சாயிட்டை அடக்க 1831இல் ஆங்கிலேயக் கம்பெனி அனுப்பிய படையில் சென்னை மாகாணச் சிப்பாய்கள் இருந்தார்கள். முதல் படையெடுப்பு காட்டுப் பாதையில் சிக்கித் திரும்பி ஓடியது. மறு ஆண்டு காட்டை அகலமாக வெட்டிச் சாலை போட்டுக்கொண்டே முன்னேறித்தான் வென்றார்கள். இந்த மண்ணில் சண்டையானாலும் சாமி ஊர்வலமானாலும் பாதைதான் முதல் பிரச்சினை. மாமாவின் வண்டிக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

துரை வண்டி

லேண்ட் ரோவர் உலகத்துக்கு அறிமுகமானது 1948 ஏப்ரல் 30இல், ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில். போருக்குப் பிறகு இங்கிலாந்தில் இரும்புத் தகடு கிடைப்பது அரிதாக இருந்ததால் அதன் உடலை அலுமினியத்தில் செய்தார்கள். பண்ணை வேலைக்கு என்று செய்யப்பட்ட வண்டி அது. அடுத்த இரண்டே மாதத்தில், ஜூன் 1948இல், மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில் போலீசும் இராணுவமும் தோட்டத் துரைமார்களும் இந்த வண்டியில்தான் செம்மண் பாதைகளில் அலைந்தார்கள். தோட்டத்துப் பெரியவர்களுக்கு இன்றும் அது 'துரை வண்டி'தான். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டாலே நிரையில் உட்கார்ந்து கதை பேசுகிறவர்கள் எழுந்துவிடுவார்களாம்.

மாமாவின் வண்டி அவ்வளவு பழையதல்ல. 1971க்குப் பிறகு வந்த மூன்றாம் வரிசையைச் சேர்ந்தது. குட்டை வண்டி, சக்கரங்களுக்கு இடையே 88 அங்குலம், 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். தோட்ட நிர்வாகிக்கு மாமாதான் ஓட்டுநர். தோட்டம் கைமாறி, லயங்கள் காலியானபோது நிர்வாகம் வண்டிகளையும் விற்றது. சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து மாமா இதை வாங்கினார். அத்தை ஒரு வாரம் பேசவில்லை. வீட்டுக்குக் கட்ட வேண்டிய பணத்தில் துரை வண்டி எதற்கு?

1991இல் அத்தைக்குப் பதில் கிடைத்தது. அந்த ஆண்டு மழை பொய்த்து டுரியான் துங்கால் அணைக்கட்டு வற்றிப்போனது. மலாக்கா முழுக்கத் தண்ணீர்ப் பங்கீடு. பக்கத்திலேயே அணை இருந்தும் எங்கள் ஊரிலும் வாளியோடு வரிசையில் நின்றோம். வெடித்த களிமண்ணாகக் கிடந்த அணையின் அடிப்பகுதியைப் பார்க்கப் போனது எனக்கு நினைவிருக்கிறது. மாமா பின்பக்கம் நீல டிரம்களை ஏற்றிக்கொண்டு கிணறு வற்றாத இடம் தேடிப் போவார். லாரி ஏறாத மேட்டு வீடுகளுக்கும் தண்ணீர் போகும். பிறகு ஜாசின் பக்கம் ஜுஸ் அணை கட்டினார்கள். நிலைமை மாறியது. ஆனால் அத்தை அதன் பிறகு வண்டியைப் பற்றிக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

இன்றைக்கு அந்த வண்டிக்கு ஆண்டுக்கு ஒரே ஒரு பெரிய வேலைதான். பழைய தோட்டத்தில் லயமும் இல்லை, ஆயக்கொட்டகையும் இல்லை. செம்பனைக்கு நடுவே மாரியம்மன் கோயிலும் ஒரு கிணறும் மட்டும் மிச்சம். சாலையிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் செம்மண் பாதை. கடைசியில் ஒரு சரிவான ஏற்றம். ஆடித் திருவிழாவுக்குத் தண்ணீர்த் தொட்டியும் அரிசி மூட்டையும் சமையல் பாத்திரமும் மாமா வண்டியில்தான் மேலே ஏறும். திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அரை மங்கு எண்ணெய்

சனிக்கிழமை காலை நான் எழுந்து வரும்போது போர்ச்சில் இரண்டு பேர் தயாராக இருந்தார்கள். மாமா, அவருடைய பழைய காக்கிச் சட்டையில். பக்கத்தில் பேத்தி. மச்சானின் மகள் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். தாத்தா வீட்டிலிருந்தே போய்வருகிறாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"மாமா, மொதல்ல சோதனை. கழட்டுறது அப்புறம்," என்றாள் என்னிடம்.

கிளட்ச் என்றால் என்ன என்று கேட்கும் இளையவர்களுக்காக மாமாவின் விளக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போதைய வண்டிகளில் இடது கால் சும்மா இருக்கிறதே. "ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல சப்பாத்திய அமுக்கிப் பிடிச்சிருக்க. கை எஞ்சின், சப்பாத்தி கியர்பாக்ஸ். அமுக்கிப் பிடிச்சா ரெண்டும் சேர்ந்து சுத்தும். பெடலை மிதிச்சா கை விலகும், சப்பாத்தி நிக்கும். சப்பாத்தியில எண்ணெய் தடவிட்டா? எவ்வளவு அமுக்கினாலும் வழுக்கும்."

கிளட்ச் கோளாறு இரண்டு விதம். பெடலை முழுக்க மிதித்தும் கியர் விழாமல் கரகரவென்று அரைத்தால், தட்டு சரியாக விலகவில்லை. பெரும்பாலும் மேலே உள்ள மாஸ்டர் பம்ப்போ கீழே உள்ள சின்ன பம்ப்போ கசிந்திருக்கும். அதைச் சரிசெய்ய கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. கியர் ஒழுங்காக விழுந்து, எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால், தட்டு வழுக்குகிறது. சமதரையில் கைப்பிரேக்கை இழுத்து, பெரிய கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டோம். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் அடங்கி நின்றுவிட வேண்டும். இது நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தது. தீய்ந்த வாடை வந்தது.

அப்போது பேத்தி வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தாள். "தாத்தா, இங்க ஒரு மூடி முடுக்கியிருக்கு. கையேட்டுல இது சாதாரணமா திறந்திருக்கணும்னு போட்டிருக்கு."

இதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பழைய லேண்ட் ரோவரில் கிளட்ச் இருக்கும் கூட்டின் அடியில் ஒரு ஓட்டை உண்டு. எஞ்சினின் பின் சீலிலிருந்து கசியும் ஓரிரு சொட்டு எண்ணெய் அந்த வழியே கீழே விழுந்துவிடும். ஆற்றிலோ வெள்ளத்திலோ இறங்கும்போது மட்டும் தண்ணீர் உள்ளே புகாமல் இருக்க ஒரு மூடியை அதில் முடுக்க வேண்டும். கரையேறியதும் கழற்றிவிட வேண்டும்.

ஸ்பேனர் வைத்துத் திருப்பினாள். மூடி கழன்றதும் கறுப்பு எண்ணெய் அவள் முழங்கை வழியே ஓடியது. கீழே வைத்த மங்கு பாதி நிறைந்தது.

மாமா எதுவும் பேசவில்லை. மூடியை வாங்கித் துணியில் துடைத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மழை வந்து ஓடை நிரம்புனப்ப நான்தான் போட்டேன்," என்றார் கொஞ்சநேரம் கழித்து. "அது மூணு வருசம் இருக்கும்."

முப்பது ஆண்டுக்கு மேலாக அந்த மூடியைப் போட்டுக் கழற்றியவர் அவர். யார் வண்டி எடுத்தாலும் அதைக் கேட்பார். எனக்கு மச்சான் சொன்ன முச்சந்தி ஞாபகம் வந்தது. மாமாவுக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். அத்தை கொண்டுவந்த கோப்பியை அவர் ஆறவிட்டுத்தான் குடித்தார். விற்கும் பேச்சை அந்த நேரத்தில் எடுக்க எனக்கு வாய் வரவில்லை.

கூரையைத் தவிர எல்லாம்

இப்போதைய கார்களில் கியர்பாக்ஸ் வண்டிக்கு அடியில் இறங்கும். மாமாவின் வண்டியில் அதைக் கதவு வழியாகத்தான் எடுக்க வேண்டும். இருக்கைகள், தரைத்தகடு, நடுவில் உள்ள கூண்டு, இருக்கைக்கு அடியில் உள்ள பெட்டி எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை. எல்லாவற்றையும் கழற்றினால் வண்டிக்குள் நின்றபடியே வேலை செய்யலாம். போல்ட்டுகள் அலுமினியத்தோடு ஒட்டிப்போயிருந்தன. துரு எண்ணெய் அடித்து, தேநீர் குடித்து, மறுபடி அடித்து, கடைசியில் நாலைந்தை அறுத்தே எடுத்தோம். அரைநாள் அதற்கே போனது. நேரக் கணக்குப் போட்டு இந்த வேலையில் இறங்குகிறவர்கள் இரண்டு மடங்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பேட்டரி இணைப்பை எடுத்த கையோடு மாமா நான்கு சக்கரத்துக்கும் கட்டை வைக்கச் சொன்னார். "கைப்பிரேக்தான் இழுத்திருக்கே மாமா" என்றேன். சிரித்தார். இந்த வண்டியின் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர்பாக்ஸின் பின்னாலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ஷாப்ட்டைத்தான் பிடிக்கும். அந்த ஷாப்ட்டைக் கழற்றிய நொடியே கைப்பிரேக் இழுத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். வண்டி உருளும், அடியில் ஆள் இருக்கும். முச்சந்தியை மறந்தவர் இதை மறக்கவில்லை.

முன்னும் பின்னும் ஷாப்ட்டுகளைப் பிரித்து, வேகமானி வயரை உருவி, கீழ்ப் பம்ப்பை அவிழ்த்து ஓரம் கட்டினோம். எஞ்சினின் பின்பக்கம் தொங்கிவிடாமல் ஜேக்கும் மரக்கட்டையும் முட்டுக் கொடுத்தோம். தெரிந்த பட்டறையிலிருந்து எஞ்சின் தூக்கும் கிரேனை இரவல் வாங்கியிருந்தார் மாமா. போர்ச் கூரையில் சங்கிலி கட்டித் தூக்கலாமே என்று பக்கத்து வீட்டு அண்ணன் யோசனை சொன்னார். கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் பெட்டியும் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டும். கார் நிழலுக்குப் போட்ட கூரை அந்தப் பாரத்துக்குப் போட்டதல்ல. அந்த யோசனையைக் கேட்காதீர்கள்.

மாலை நான்கு மணிக்கு கியர்பாக்ஸ் கதவு வழியே ஆடிக்கொண்டே வெளியே வந்து பழைய டயர்மேல் உட்கார்ந்தது. உள்ளே பார்த்தால் சப்பாத்தி உவமை அப்படியே சரி. உராய்வுத் தட்டு எண்ணெயில் ஊறி, பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தது. மேலே மிச்சமிருந்த தூளை ஊதித் தள்ளப் போன என் கையைப் பேத்தி பிடித்துக்கொண்டாள். பழைய தட்டுகளில் கல்நார் கலந்திருக்கலாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டித்தான் போட வேண்டும். மாமா தன் காலத்தில் வாயாலேயே ஊதித் துடைத்ததாகச் சொன்னார். அந்தக் காலத்துப் போமன்கள் பலர் இருமிக்கொண்டே போனதையும் சொன்னார்.

கோலாலம்பூர்க் கடை ஒன்றில் முன்கூட்டியே வரவழைத்த பொட்டலத்தைப் பிரித்தோம். புதுத் தட்டைப் பழைய தட்டின்மேல் வைத்தாள் பேத்தி. சிறியது. பழையது ஒன்பதரை அங்குலம். வந்தது முந்திய வரிசை வண்டிகளுக்கான ஒன்பது அங்குலம். பெட்டியின்மேல் எங்கள் வண்டியின் பெயர்தான் ஒட்டியிருந்தது. கடையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் போன் எடுக்கவில்லை. நான் வண்டியைக் குடல் சரிந்த நிலையில் போர்ச்சில் விட்டுவிட்டுத் திரும்பினேன். பழைய வண்டிக்குப் பொருள் வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் கழற்றுங்கள், அளந்து பாருங்கள், பிறகு வாங்குங்கள். முடியாவிட்டால் பொருளை வாங்கும் கடையிலேயே அளந்துவிட்டாவது காசைக் கொடுங்கள்.

தானா உட்காரணும்

அடுத்த சனிக்கிழமை நான் போய்ச் சேருவதற்குள் சரியான தட்டு வந்திருந்தது. அதை மாற்றி வாங்கியது பேத்தி. வாரம் முழுக்க மாமா சும்மா இருக்கவில்லை. ரப்பர் மரக் கட்டை ஒன்றைச் செதுக்கிக்கொண்டே இருந்தாராம். தட்டை மாட்டும்போது அதன் நடு ஓட்டை சரியாக மையத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் தண்டு உள்ளே போகாது. அதற்கென்று கருவி விற்கிறது. மாமா கட்டையிலேயே செய்துவிட்டார், முனை சிறுத்து, பின்பக்கம் பெருத்து. பேத்தி அதை வெர்னியரில் அளந்து, ஒரு பக்கம் காகித ஒட்டு நாடா ஒரு சுற்று போடச் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேரும் இதற்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டதாக அத்தை சொன்னார். அதைச் சொல்லும்போது அத்தை முகத்தில் சிரிப்பு.

ஃபிளைவீலில் நீலக் கறையோ வெடிப்போ இருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. எண்ணெய் போக்கும் திரவத்தால் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தோம். எஞ்சின் தண்டின் நடுவே உள்ள சின்ன வெண்கலப் புஷ் தேய்ந்திருந்தது. அதை எடுக்க மாமா செய்த வித்தை எனக்குப் பிடித்தது. ஓட்டைக்குள் கிரீஸை அடைத்து, அளவான கம்பியை வைத்து ஒரே தட்டு. போக வழியில்லாத கிரீஸ் பின்னாலிருந்து புஷ்ஷைத் தள்ளி வெளியே அனுப்பிவிடுகிறது. பேத்தி உடனே நோட்டில் படம் வரைந்தாள்.

எஞ்சினின் பின் சீலையும் மாற்றியிருக்கலாம். அதற்கு ஃபிளைவீலையும் அடித்தொட்டியையும் இறக்க வேண்டும். நேரமும் கையில் இருந்த பணமும் அதற்கு இடம் தரவில்லை. மூன்று ஆண்டுச் சொட்டு அரை மங்கு என்றால் கசிவு சிறியதுதான். ஓட்டை திறந்திருந்தால் போதும் என்று முடிவு செய்தோம். இது சரியான முடிவு என்று சாதிக்க மாட்டேன். எஞ்சின் வேலை ஒருநாள் வரும்போது முதலில் செய்ய வேண்டியது அதுதான்.

புதுத் தட்டுக்கு எந்தப் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். கையில் எண்ணெய் இல்லாமல் ஓரத்தைப் பிடித்தே மாட்ட வேண்டும். மூடியின் போல்ட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். புது ரிலீஸ் பேரிங்கைப் பொருத்தி, தண்டின் பற்களில் கிரீஸை விரல் நுனியளவு மட்டும் தடவினோம். அதிகமானால் சுழற்சியில் தெறித்துப் புதுத் தட்டிலேயே போய் ஒட்டும்.

பிறகுதான் உண்மையான சோதனை. கிரேனில் தொங்கும் கியர்பாக்ஸை முன்னால் தள்ளினோம். எல்லாம் போனது, கடைசி ஒரு அங்குலம் போகவில்லை. ஒரு மணி நேரம் ஆட்டினோம், அசைத்தோம், உயரம் மாற்றினோம். எனக்குப் பொறுமை போனது. நட்டுகளை மாட்டி முடுக்கினால் இழுத்துக்கொண்டு போய்விடாதா என்று ஸ்பேனரை எடுத்தேன்.

"மாப்ள, வை அதை." துரை வண்டி ஓட்டுநரின் பழைய குரல். "முடுக்கி இழுத்தா தட்டோட நடு வளையும், கூடு வெடிக்கும். அது தானா உட்காரணும். கியர்ல போடு."

கியரில் போட்டு, பின்பக்கம் ஷாப்ட் மாட்டும் வளையத்தை மாமா கையால் மெல்லத் திருப்பினார். அவர் வலதுகை நடுங்கும். அன்று நடுங்கியதும் உதவியது என்றுதான் நினைக்கிறேன். எங்கோ ஒரு பல் இடம் கண்டது. டொப் என்ற சத்தத்தோடு மொத்தமும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது. பேத்தி கைதட்டினாள். மாமா கையைத் துடைத்துக்கொண்டு, "கோப்பி இருக்கா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

மற்றதெல்லாம் கழற்றியதற்கு நேர்மாறு. குழாயில் காற்றை எடுக்க ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே திருகைத் திறந்து மூட வேண்டும். பிரேக் எண்ணெய் சாயத்தைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். இரவு ஒன்பது மணிக்கு இருக்கைகூட மாட்டாமல், ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, தாமானைச் சுற்றி ஒரு வட்டம் வந்தோம். கைப்பிரேக் சோதனையில் எஞ்சின் நல்லபிள்ளையாக அடங்கி நின்றது.

சாப்பிடும்போது மச்சானின் அழைப்பு வந்தது. நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே போவதற்குள் மாமா கையை நீட்டினார். மகனிடம் அவரே பேசினார். "வண்டி ரெடி. வாங்குறவர் வந்து பாக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா திருவிழா முடியட்டும். அப்புறம் ஒண்ணு, இனி நான் ஓட்டல." அந்தப் பக்கம் நீண்ட மௌனம். அத்தை ரசம் ஊற்ற வந்தவர் கரண்டியோடு நின்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பாதிதான் நிரப்பினோம். புதுத் தட்டு படிந்து வரும்வரை அதிகப் பாரம் ஏற்றக்கூடாது. இரண்டு நடையாகக் கொண்டுபோகலாம் என்றாள் பேத்தி. அவள் ஓட்டினாள். மாமா பக்கத்தில், நான் பின்னால் அரிசி மூட்டைமேல். இரவு மழை பெய்து செம்மண் வழுக்கியது. செம்பனை ஓலைகள் இரண்டு பக்கமும் கூரையைத் தடவின. லயம் இருந்த இடத்தைத் தாண்டும்போது மாமா கையால் காட்டிக்கொண்டே வந்தார். இது கிராணி வீடு, இது பிரட்டுக் களம், இது உங்கம்மா பொறந்த வீடு. ஒரு இடம்கூடத் தடுமாறவில்லை.

ஏற்றத்தின் அடியில் அவள் நிறுத்தினாள். நான்கு சக்கர இயக்கத்தையும் சின்ன கியரையும் போட்டாள். தாத்தாவைப் பார்த்தாள்.

"கிளட்ச்ல பாதிக் கால் வச்சிக்கிட்டே ஏறாதே. விட்டா முழுசா விட்டுடு."

விட்டாள். வண்டி உறுமவில்லை, நடந்தது. மேலே கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பாத்திரம் இறக்க ஆட்கள் ஓடிவந்தார்கள்.

இறங்கியதும் மாமா சட்டைப் பையைத் தடவினார், பிறகு காற்சட்டைப் பையை. முகம் மாறியது. "அந்த மூடி... அந்த மூடி எங்க வச்சேன்? மறுபடி போட்டுட்டேனா?"

பேத்தி சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள். துடைத்து மஞ்சள் சாயம் பூசிய மூடி அதில் தொங்கியது. சாவியோடு அது இருக்கும்வரை கீழே ஓட்டை திறந்திருக்கிறது என்று பொருள். மாமா அதை வாங்கி உள்ளங்கையில் ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு, அவளிடமே கொடுத்தார். பிறகு தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறக்கப் போனார்.